காட்டை வெட்டுவது எந்த மனிதன்?

கேமராவால் எடுக்கும் படத்தில் காடு தன்பாட்டுக்கு இருக்கும். இயக்குநர் கவனிக்காத ஒரு கொடியோ, யாரோ இறக்கி வைத்த விறகுக்கட்டோ சட்டகத்துக்குள் வந்துவிடலாம். கார்ட்டூன் படத்தில் அந்த வாய்ப்பே கிடையாது. ஒவ்வொரு இலையும் யாரோ உட்கார்ந்து வரைந்தது. வரையாமல் விட்டதும் யாரோ எடுத்த முடிவுதான். ஆகவே, 'சின்னப் பசங்க பார்க்கிற படம்தானே' என்று நாம் ஒதுக்கிவிடும் இந்தப் படங்களில்தான், ஒரு சமூகம் இயற்கை என்று எதைக் கற்பனை செய்கிறது, அந்தக் கற்பனையிலிருந்து யாரை வெளியே தள்ளுகிறது என்பது பச்சையாகத் தெரிகிறது.

1942இல் வெளியான வால்ட் டிஸ்னியின் 'பாம்பி'யை எடுத்துக்கொள்வோம். மான்குட்டியின் தாய் சுடப்படுகிறது. பிறகு வேட்டைக்காரர்கள் மூட்டிய நெருப்பு பரவிக் காடே எரிகிறது. ஆனால் சுட்டவனை நாம் பார்ப்பதே இல்லை. 'மனிதன்' என்ற ஒரு சொல்லாக மட்டுமே அவன் படத்தில் இருக்கிறான். அவனுக்கு முகமில்லை, ஊரில்லை, வர்க்கமில்லை, அவன் ஏன் வந்தான் என்பதற்குக் காரணமுமில்லை. படத்துக்கு மூலமான பெலிக்ஸ் சால்டனின் நாவலில் (1923) ஒரு காட்சி உண்டு. சுடப்பட்டுக் கிடக்கும் ஒரு வேட்டைக்காரனின் உடலைக் கிழமான் பாம்பிக்குக் காட்டுகிறது. இவனும் நம்மைப்போலச் சாகிறவன்தான், எல்லாம் வல்லவனல்ல என்று பாம்பி அங்கே புரிந்துகொள்கிறது. படம் இதை விட்டுவிட்டது. விட்டதால் 'மனிதன்' ஒரு மாயச்சக்தியாகிவிடுகிறான்.

இதில் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்கலாம். மனித இனம் முழுவதும் குற்றவாளி என்றால் யாருமே குற்றவாளி இல்லை என்றாகிறது. இன்னொன்றும் நடக்கிறது. மனிதனே இல்லாத காடுதான் உண்மையான காடு என்ற எண்ணம் இயல்பாகிவிடுகிறது. இந்த எண்ணத்துக்கு அமெரிக்காவில் ஒரு வரலாறு உண்டு. 1872இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின், அங்கே காலங்காலமாக வேட்டையாடி வாழ்ந்த பூர்வகுடிகள் வெளியேற்றப்பட்டார்கள். ஆளற்ற வனம் என்பது ஆட்களைத் துரத்தி உண்டாக்கிய வனம்.

படத்துக்குள் காணாமல் போன மனிதர்கள் படத்துக்கு வெளியே இருந்தார்கள். 'பாம்பி' தயாராகிக்கொண்டிருந்த 1941இல் டிஸ்னி ஸ்டூடியோவின் ஓவியர்கள் தொழிற்சங்க உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பனிமூட்டக் காட்டின் தோற்றத்துக்கு வழிகாட்டியவர், சீனாவிலிருந்து சிறுவனாகக் குடியேறிய டைரஸ் வாங். சோங் வம்சக் கால நிலக்காட்சி ஓவியங்களிலிருந்து அந்தப் பாணியை அவர் கொண்டுவந்தார். வேலைநிறுத்தத்தில் அவர் சேரவில்லை. ஆனாலும் அது முடிந்த கையோடு வேலையைவிட்டு நீக்கப்பட்டார். 'தூய இயற்கை'க்குப் பின்னால் கூலியும் சண்டையும் இருந்திருக்கின்றன.

ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ படங்கள் வேறு இடத்திலிருந்து தொடங்குகின்றன. இஸாவோ தகஹாதாவின் 'பொம் போகோ' (1994) நடப்பது டோக்கியோவுக்கு மேற்கே உள்ள தாமா குன்றுகளில். 1960களில் திட்டமிடப்பட்ட தாமா நியூ டவுன் என்ற நிஜமான குடியிருப்புத் திட்டம்தான் கதையின் எதிரி. தனூக்கி என்பது நாய் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு விலங்கு. உருமாறும் வித்தை தெரிந்தது என்பது அங்குள்ள நாட்டார் நம்பிக்கை. குன்றுகளை இழக்கும் தனூக்கிகள் கூட்டம் போட்டு வாதிடுகின்றன, கோஷ்டி பிரிகின்றன. ஒரு தீவிரவாதக் குழு லாரிகளைக் கவிழ்க்கிறது. செத்துப்போவது திட்டம் போட்ட அதிகாரிகளல்ல, கட்டுமானத் தொழிலாளர்கள். அவர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தத் தொடங்கும் தனூக்கிகளால் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. போராட்டத்தின் இந்த அசிங்கத்தையும் படம் மறைக்கவில்லை. பிறகு நகரத்தைப் பயமுறுத்த ஒரு மாபெரும் பேய் ஊர்வலம் நடத்துகின்றன. மறுநாள் ஒரு கேளிக்கைப் பூங்கா முதலாளி அது தன் விளம்பரம் என்று அறிவித்துவிடுகிறான். எதிர்ப்பை மூலதனம் எப்படி விழுங்குகிறது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டுமா? கடைசியில் உருமாறத் தெரிந்தவை மனித வேடத்தில் ஆபீஸ் வேலைக்குப் போகின்றன. தெரியாதவை குப்பையில் இரை தேடி ரோட்டில் அடிபடுகின்றன.

ஹயாவோ மியாசாகியின் 'இளவரசி மொனொனோகே' (1997) இன்னும் சிக்கலானது. காட்டை அழிப்பவள் எபோஷி என்ற பெண். அவளுடைய இரும்பு உலையில் துருத்தி மிதிப்பவர்கள், விலைமாதர் விடுதிகளிலிருந்து அவள் மீட்டுவந்த பெண்கள். துப்பாக்கி செய்பவர்கள், சமூகம் விலக்கிய தொழுநோயாளிகள். இவர்களுக்கு விடுதலை கொடுத்த அதே இரும்புதான் பன்றிக் கடவுளின் உடம்பில் குண்டாகப் புதைந்து அதைச் சாபமாக மாற்றுகிறது. இரும்பை விற்றால்தான் இவர்களுக்கு அரிசி. அந்த இரும்பைப் பறிக்க ஒரு பிரபு படை அனுப்புகிறான். வனதெய்வத்தின் தலையைக் கேட்பது தூரத்திலிருக்கும் அரசபீடம். இங்கே 'மனிதன்' என்று ஒருவன் கிடையாது. வெட்டுபவர், வெட்டச் சொல்பவர், லாபம் பார்ப்பவர் என்று பலர் இருக்கிறார்கள், அவர்களுக்குள் முரண்கள் இருக்கின்றன. முடிவில் சமாதானமும் முழுமையாக இல்லை. காட்டில் வளர்ந்த சான் மனிதர்களை மன்னிக்க மறுக்கிறாள்.

இதனால் ஜிப்லி படங்கள் சந்தைக்கு வெளியே நிற்கின்றன என்று சொல்லவரவில்லை. மரங்களுக்காகப் பேசும் 'லோராக்ஸ்' கதை 2012இல் படமானபோது, அதே பாத்திரம் மாஸ்டா காரை விற்கும் விளம்பரத்தில் வந்தது. எந்தப் படத்துக்கும் இது நேரலாம். ஆனால் வெறும் 'மரத்தை நேசி' என்று சொல்லும் படத்தைக் கார் கம்பெனி சுலபமாக வாங்கிவிடுகிறது. யார் வெட்டுகிறார், யாருக்காக என்று கேட்கும் படத்தை அப்படி வாங்குவது கொஞ்சம் கஷ்டம்.

நம் துண்டறிக்கைகளிலும் 'மனிதனின் பேராசை' என்று எழுதிவிடுகிறோம். கை தானாகவே அப்படி எழுதுகிறது. காட்டில் வாழ்பவரைக் காலி செய்ய வருபவனும் அதே வாக்கியத்தைத்தான் பயன்படுத்துகிறான். அடுத்தமுறை அந்தச் சொல்லை எழுதும்முன் எந்த மனிதன் என்று ஒருதரம் கேட்டுக்கொள்ளலாம்.