உங்களுக்குத் தெரியுமா? இரண்டு நெய்வேலி அளவே உள்ள நாடு!

நெய்வேலி நகரியத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1.05 லட்சம். பசிபிக் தீவு நாடான சமோவாவில் மொத்தமே சுமார் 2 லட்சம் பேர்தான்.

அந்தச் சின்னஞ்சிறு நாட்டுக்காக 1991 ரக்பி உலகக் கோப்பையில் களமிறங்கினார் 19 வயது பிரையன் லீமா. வேல்ஸ் அணியை அதன் கோட்டையான கார்டிஃப் நகரிலேயே 16-13 என்று சாய்த்தது சமோவா.

பின்னர் நியூசிலாந்து, ஜப்பான், பிரிட்டன் எனக் கடல் கடந்து கிளப் அணிகளுக்கு ஆடினார் லீமா. ஆனால், உலகக் கோப்பை வந்துவிட்டால் தாய்நாட்டின் நீலச் சட்டைதான்!

பந்தோடு ஓடிவருபவர் மீது எலும்பே இடம் மாறும்படி பாய்ந்து மடக்குவார். அதனால் 'கைரோபிராக்டர்' (முதுகெலும்பு, மூட்டுகளைக் கையால் அழுத்திச் சரிசெய்பவர்) என்பது அவரது பட்டப்பெயர்.

2007 வரை ஐந்து உலகக் கோப்பைகளில் ஆடிய முதல் ரக்பி வீரர் இவரே. ஊர் சிறியது என்று எந்தப் பிள்ளையின் கனவையும் சுருக்கிவிடாதீர்கள்!