பாப்பின்ஸ்: வட்ட எழுத்து எங்கே பொருந்தும், எங்கே இடிக்கும்?

கடைக்கு ஒரு செயலியோ இணையதளமோ செய்யக் கொடுத்திருக்கிறீர்களா? வடிவமைப்பாளர் அனுப்பும் மாதிரியில் ‘பாப்பின்ஸ்’ என்ற எழுத்துரு இருந்தால் வியப்பில்லை. சம்மதம் சொல்லும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அது என்ன வகை? வடிவியல் சான்ஸ் செரிஃப் (முனைகளில் சிறு கால்கள் இல்லாமல், வட்டமும் நேர்கோடுமாகக் கட்டிய எழுத்து). ஆங்கில ‘ஓ’ காம்பஸில் போட்டது போலவே இருக்கும். யோசனை பழையது: பால் ரென்னரின் ‘ஃபியூச்சுரா’ 1927இல் ஜெர்மனியில் வந்துவிட்டது. அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த பலகையில் இருப்பதும் அந்த எழுத்துதான். பாப்பின்ஸ், இந்தியன் டைப் ஃபவுண்டரி 2014இல் வெளியிட்டது.

அப்படியானால் காம்பஸும் ஸ்கேலும் போதுமா? போதாது. எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வட்டம் செங்குத்துக் கோட்டோடு சேரும் இடத்தில் கோடு சற்றே மெலியும். மெலியாவிட்டால் அங்கே கறுப்புத் திட்டு விழுந்தது போல் கண்ணை உறுத்தும்.

எங்கே நன்றாக இருக்கும்? தலைப்பு, விலை, பொத்தான். ஆனால் எழுத்துகள் அகலமாக உட்காருவதால் பொத்தானுக்குள் சொல் அடங்காமல் போகலாம். பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியதற்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். எங்கும் ஒரே வட்டமாகத் தெரிந்து கண் சலித்துவிடும்.

கூப்பன் எண், கடவுச்சொல் தருவீர்களா? அப்படியானால் எச்சரிக்கை. ஆங்கிலப் பெரிய ‘ஐ’யும் சின்ன ‘எல்’லும் இதில் வெறும் குச்சிகள். வாடிக்கையாளர் ஒன்றுக்கு மற்றொன்றை அடித்துவிட்டு, “கூப்பன் வேலை செய்யவில்லை” என்று உங்களுக்குத்தான் போன் போடுவார். அந்த இரண்டு எழுத்துகளையும் கூப்பனில் சேர்க்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தமிழுக்கு? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாப்பின்ஸில் தேவநாகரி உண்டு, தமிழ் கிடையாது. “என் திரையில் தமிழ் தெரிகிறதே!” என்பீர்கள். அது உங்கள் கருவி தன் கையிருப்பிலிருந்து போட்டுக்கொண்டது: விண்டோஸில் பெரும்பாலும் நிர்மலா, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ. அதனால் ஒரே பக்கம் ஆளுக்கொரு விதமாகத் தெரியும். தமிழுக்குத் தனியாக ஓர் எழுத்துருவைக் குறிக்கச் சொல்லுங்கள். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கேட்டமரன்’ தமிழ், ஆங்கிலம் இரண்டையும் கொண்டது. ‘ஹிந்த் மதுரை’யும் அப்படியே.

வரி இடைவெளியையும் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அளவாக வைத்த இடைவெளியில், மேல்வரி ‘ரூ’வின் வால் கீழ்வரி ‘கீ’யின் சுழியில் போய் முட்டும். மாதிரியில் ஏதோ சொற்களைப் போட்டுக் காட்டுவார்கள். உங்கள் விலைப்பட்டியலையே கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

காசு உண்டா? பாப்பின்ஸ், கேட்டமரன், ஹிந்த் மதுரை மூன்றும் திறந்த உரிமத்தில் (யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் அனுமதி) வருபவை. வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம்; எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. ஃபியூச்சுராவுக்கு உரிமம் வாங்க வேண்டும், அதுவும் இணையதளத்துக்கும் செயலிக்கும் பெரும்பாலும் தனித்தனியாக.