விசைக்கு எழுத்துத் தெரியுமா?

கணிப்பொறியில் ஆங்கில 'ஏ' பொறித்த விசையை அழுத்துகிறோம். திரையில் 'ஏ' தோன்றுகிறது. விசைதான் அவ்வெழுத்தை அனுப்பியது என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் விசைக்கு எழுத்து இன்னதென்றே தெரியாது. அதன் தலையில் பொறித்திருப்பது நம் கண்ணுக்காக மட்டுமே. அது அனுப்புவது ஓர் எண்.

எடுத்துக்காட்டாக, 1984-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'எக்ஸ்' சாளர முறையைக் காண்போம். இதில் விசைகளுக்கு 8 முதல் 255 வரை எண்கள் உண்டு. லினக்ஸ் கணிப்பொறியில் நாம் சொன்ன விசையின் எண் 38. "38 அழுத்தப்பட்டது", "38 விடப்பட்டது" என்னும் செய்திகளே சாளரத்திற்குச் செல்கின்றன. 38 எந்த எழுத்து என்பதை ஓர் அட்டவணையைப் பார்த்தே அறிய வேண்டும். பிரெஞ்சு அட்டவணையில் அதே 38-க்கு நேரே 'க்யூ' என்னும் எழுத்து இருக்கும்! விசை ஒன்றே, அட்டவணைதான் வேறு.

அப்படியானால், 38-க்கு நேரே 'அ' என்று எழுதிவிட்டால் தமிழ் வந்துவிடாதா? வரும், ஆனால் பாதி வேலைதான் முடியும்.

1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. அதில் 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகளே போதும். ஆனால் யூனிகோடு முறையில் கணிப்பொறி சேமிப்பவை ஐந்து எண்கள்: 2949, 2990, 3021, 2990, 3006. நடுவிலுள்ள 3021 புள்ளியாகும். அதை நாம் அழுத்தவே இல்லையே! 'ம' இருமுறை வந்தால் முன்னதற்குப் புள்ளி வைக்க வேண்டும். அதன்பின் 'ஆ' வந்தால் அதைக் காலாக மாற்ற வேண்டும். முன்வந்த எழுத்தை நினைவில் வைத்துச் செய்யும் இவ்வேலை வெறும் அட்டவணையால் ஆகாது. விசைக்கும் சாளரத்திற்கும் நடுவே ஓர் உள்ளீட்டு நிரல் அமர்ந்து இதைச் செய்கிறது.

பழைய தட்டச்சுப் பொறியில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். தமிழ் 99-இல் க, அடுத்து ஒ, அவ்வளவே. மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று சிறு வகுப்பில் படித்த இலக்கணம் இங்கே அப்படியே கைகொடுக்கிறது. ஆகவே புதிதாகப் பழகும் மாணவியருக்கு இதுவே ஏற்றது என்பது எங்கள் கருத்து.

இதில் கவனம் தவறினால் ஆளே காணாமற்போவதும் உண்டு. 'ஔவை' என்பதற்குப் பலர் ஒ, ள, வை என்று அடித்துவிடுகின்றனர். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் 'ஔ'வின் எண் 2964. தனித்தனியே அடித்த ஒ, ள இரண்டும் 2962, 2995. பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயர் இப்படி ஏறிவிட்டால், பின்னர் 'ஔவை' என்று முறையாகத் தேடும்போது அப்படியொருத்தி இல்லை என்றே கணிப்பொறி கூறக்கூடும். தமிழ் 99-இல் 'ஔ'வுக்குத் தனி விசையே உண்டு. ஆங்கில 'இசட்' பொறித்த விசை அது.

ஏற்கெனவே அடித்த பெயர் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. முதலெழுத்தை அடுத்துச் சுட்டியை நிறுத்தி, 'பேக்ஸ்பேஸ்' விசையை ஒரே முறை அழுத்துங்கள். எழுத்து முழுதும் மறைந்தால் அது 'ஔ'. 'ஒ' மட்டும் எஞ்சி நின்றால் பெயரைத் திருத்தி எழுத வேண்டும்.