உங்களுக்குத் தெரியுமா? ரொறன்ரோவில் விளைந்த விஞ்ஞானக் கனவுகள்

ஸ்காபரோவில் ஒரு விஞ்ஞானப் புனைவுப் படம் முடிந்து வெளியே வந்தால், கார் நிறுத்துமிடத்தில் இரண்டு குரல்கள் கேட்கும். "நல்லா யோசிக்க வைச்சிட்டான்" என்பது ஒன்று. "யோசனை சரி, படம் விளங்கேல்லையே" என்பது மற்றது. யோசிக்க வைக்கும் படம் நல்ல படமாகவும் அமையுமா? அமையும். கருத்து ஒரு மனிதரின் உடம்புக்குள்ளும் வீட்டுக்குள்ளும் இறங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குச் சாட்சிகள் நாம் வாழும் இந்த நகரத்திலேயே நிறைய உண்டு.

● ஒரே விழா, இரண்டு படங்கள்
1997 செப்டெம்பரில் ரொறன்ரோ சர்வதேசத் திரைப்பட விழாவில் ‘கட்டாக்கா’, ‘கியூப்’ என்ற இரண்டு விஞ்ஞானப் படங்கள் முதன்முதலாகத் திரை கண்டன. மரபணுவைப் பார்த்து மனிதரைத் தரம் பிரிக்கும் உலகத்தின் கதை ‘கட்டாக்கா’. ஹொலிவூட் அதற்குச் செலவழித்தது சுமார் 3 கோடியே 60 இலட்சம் அமெரிக்க டொலர். திரையரங்குகளில் அதில் பாதி கூடத் திரும்பி வரவில்லை. இன்றோ மரபணு அறவியல் பேசும் வகுப்பறைகளில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். முதல் வாரத்து வசூல் ஒரு படத்தின் கடைசித் தீர்ப்பு அல்ல.

● 17,576 அறைகள், ஒரே அரங்கம்
‘கியூப்’ படத்தில் சில அந்நியர்கள் 17,576 அறைகள் கொண்ட ஒரு மரணப் பெட்டிக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். உண்மையில் முழுமையாகக் கட்டப்பட்டது பக்கத்துக்கு 14 அடி கொண்ட ஒரே ஓர் அறைதான். சுவர்த் தகடுகளின் நிறத்தை மாற்றி மாற்றி அதையே ஆயிரக்கணக்கான அறைகளாக்கினார் இயக்குநர் வின்சென்சோ நட்டாலி. செலவு சுமார் மூன்றரை இலட்சம் கனடிய டொலர். ரொறன்ரோ விழாவில் சிறந்த முதல் கனடியப் படத்துக்கான விருதும் அதற்கே கிடைத்தது. பகா எண்களைக் கணக்குப் போடும் மாணவியும், பயத்தில் மிருகமாகிப்போகும் பொலிஸ்காரனும் அந்த ஓர் அறைக்குள் நம்மையும் பூட்டிவைக்கிறார்கள்.

● சத்தம் போட்ட கமரா
டேவிட் குரோனன்பேர்க் 1969-இல் எடுத்த ‘ஸ்டீரியோ’, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் படமானது. கமரா எழுப்பிய இரைச்சலால் வசனத்தை நேரடியாகப் பதிய முடியவில்லை. அதனால் விளக்கம் பின்னணிக் குரலாக வந்தது. கதையில் வருபவர்களோ பேச்சே இல்லாமல் மனத்தால் பேசிக்கொள்ளும் மனிதர்கள். குறையே கதைக்குப் பொருத்தமாகிவிட்டது. நம் சமூகம் காசு சேர்த்து அமைத்த தமிழ் இருக்கை இருப்பதும் அதே ஸ்காபரோ வளாகத்தில்தான்.

● திரைக்குள் மட்டும் வாழ்ந்த பேராசிரியர்
குரோனன்பேர்க்கின் ‘வீடியோட்ரோம்’ (1983) ரொறன்ரோவிலேயே நடக்கும் கதை. ஒரு சிறு தொலைக்காட்சி நிலையத்தின் முதலாளி, தான் பார்க்கும் காட்சிகளால் மெல்ல மெல்ல உருமாறுகிறார். தொலைக்காட்சித் திரையில் மட்டுமே தோன்றும் ஒரு பேராசிரியரும் அதில் உண்டு. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஊடகச் சிந்தனையாளர் மார்ஷல் மெக்லூகனின் சாயல் அது. படம் வசூலில் தோற்றது. ஆனால் கைபேசித் திரை கையோடு ஒட்டிப்போன இந்தக் காலத்தில் அதைப் பார்ப்பவருக்கு உடம்பு கூசும்.

● அதே இயக்குநர், மூன்றே வருடம்
1986-இல் குரோனன்பேர்க் ரொறன்ரோவில் எடுத்த ‘த ஃப்ளை’, போட்ட காசைப் பல மடங்காகத் திருப்பித் தந்தது. ஒப்பனைக்கு ஒஸ்காரும் வாங்கியது. யோசனையின் கனம் குறையவில்லை. ஈயாக மாறும் தன் உடம்பு தன் கையை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவன், அவனை விட்டுப் போக மனமில்லாத ஒருத்தி. கடும் நோயாளியின் கட்டில் அருகே உட்கார்ந்திருந்த எவருக்கும் அந்த ஈ மனிதனின் கதை தெரிந்த கதைதான்.

● ஹாலின் குரல் ஒன்ராறியோவினுடையது
‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ (1968) படத்தின் ஹால் 9000 கணினிக்குக் குரல் கொடுத்தவர் டக்ளஸ் ரெயின். ஒன்ராறியோவின் ஸ்ட்ராட்ஃபோர்ட் நாடக விழாவில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடித்தவர். அதற்கு முன் ‘யூனிவேர்ஸ்’ (1960) என்ற கனடிய ஆவணப்படத்துக்கு அவர் கொடுத்த குரல் இயக்குநர் ஸ்டான்லி கியூப்ரிக்கை ஈர்த்தது. கண் ஒரு சிவப்பு வெளிச்சம், முகம் கிடையாது. குரல் ஒன்றை மட்டும் வைத்து ஓர் இயந்திரத்துக்காக நம்மைக் கலங்க வைத்தார் அந்த நாடகக் கலைஞர்.

● திருக்கோணமலைக் கடலடியில்
‘2001’ படத்தைக் கியூப்ரிக்குடன் சேர்ந்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008-இல் அங்கேயே மறைந்தவர். விண்வெளியை எழுதியவருக்குப் பித்து கடலடி மீது. அவரும் நண்பர் மைக் வில்சனும் திருக்கோணமலைக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களைக் கண்டார்கள். கோணமலை உச்சியில் நின்று கடலைப் பார்த்து வளர்ந்த எத்தனையோ பேர் இன்று ரொறன்ரோவில் இருக்கிறார்கள்.

● எழுந்து போனவர்களும் முதலிடமும்
‘2001’ முதலில் காட்டப்பட்டபோது பொறுமை இழந்து பலர் எழுந்து போனார்கள். கியூப்ரிக் சுமார் 19 நிமிடங்களை வெட்டினார். பிறகு இளையோர் திரண்டு வந்து படத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். 2022-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் உலக இயக்குநர்களிடம் கேட்டபோது முதலிடம் பெற்றது இந்தப் படம்தான்.

● ஏரிக்கரையில் ஒரு வெள்ளை உருண்டை
உலகின் முதல் நிரந்தர ஐமாக்ஸ் திரையரங்கு, ரொறன்ரோ ஒன்ராறியோ பிளேஸில் 1971-இல் திறந்த சினிஸ்ஃபியர். ஐமாக்ஸை உருவாக்கிய கனடியர்களில் ஒருவர் ரோமன் குரோய்ட்டர். மேலே சொன்ன ‘யூனிவேர்ஸ்’ ஆவணப்படத்தை இயக்கிய இருவரில் ஒருவரும் அவரே.

● வேற்றுலகின் வாசலில் நம் நகர மண்டபம்
‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் 1989 அத்தியாயம் ஒன்றில் விண்வெளி வாசல் ஒன்று திறக்கும். அப்பால் தெரிவது ரொறன்ரோ நகர மண்டபம்! 1965-இல் திறந்த கட்டடம், எதிர்காலமாகத் தோன்ற எந்த ஒப்பனையும் தேவைப்படவில்லை.

● யோசனை மட்டும் போதாது
ரொறன்ரோவில் வளர்ந்த கியானு ரீவ்ஸ் நடித்த ‘ஜானி நெமோனிக்’ (1995), ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் படமானது. கதை நடக்கும் ஆண்டு 2021. தரவு கடத்துவதற்காகத் தன் பிள்ளைப்பருவ நினைவுகளையே மூளையிலிருந்து அழித்துக்கொண்டவன் நாயகன். எவ்வளவு பெரிய துயரம்! ஆனால் படம் துரத்தலிலும் சுடுபாட்டிலும் ஓடி, அந்தத் துயரத்தருகே போதிய நேரம் நிற்கவில்லை. விமர்சகர்கள் கைவிட்டார்கள். நல்ல கருத்தும் இப்படித் தோற்கும்.

● உலகம் முடியும் இரவில் தொலைபேசி
டொன் மெக்கெல்லரின் ‘லாஸ்ட் நைட்’ (1998) படத்தில் நள்ளிரவோடு உலகம் முடிகிறது. ஏன் என்று படம் சொல்வதில்லை. ரொறன்ரோத் தெருக்களில் ஒரு மனைவி வீடு போய்ச் சேரத் துடிக்கிறாள். எரிவாயு நிறுவன அலுவலர் ஒருவர் வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் அழைத்து, கடைசி நிமிடம் வரை வாயு வரும் என்று உறுதி சொல்கிறார். அந்த வேடத்தில் நடித்தவர் குரோனன்பேர்க்! விண்கல்லும் வெடிப்பும் காட்டாமல் கான் விழாவில் இளையோர் விருது பெற்றது படம். அந்த மனைவியாக நடித்த சாண்ட்ரா ஓவுக்குச் சிறந்த நடிகைக்கான கனடிய ஜெனி விருது கிடைத்தது.

● எல்ஜின் அரங்கில் ஓர் ஒஸ்கார்
2018-இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் வென்ற ‘த ஷேப் ஒஃப் வோட்டர்’ ரொறன்ரோவிலும் ஹமில்ரனிலும் படமானது. நாயகி வீட்டுக்குக் கீழே வரும் திரையரங்கின் உட்புறம், யங் வீதியிலுள்ள எல்ஜின் அரங்கு. பேச முடியாத ஒரு துப்புரவுத் தொழிலாளியும், ஆய்வுகூடத்தில் சங்கிலியிட்ட ஒரு நீர்வாழ் உயிரும். யாரை மனிதர் என்று எண்ணுகிறோம் என்ற கேள்வியை அவர்கள் சைகையாலேயே கேட்கிறார்கள்.

● மொழிதான் கதாநாயகி
கியூபெக்கைச் சேர்ந்த டெனி வில்நோவின் ‘அரைவல்’ 2016 ரொறன்ரோ விழாவிலும் திரையிடப்பட்டது. வேற்றுலகத்தாரை எதிர்கொள்ள அனுப்பப்படுவது ஒரு மொழியியலாளர். செலவு சுமார் 4 கோடியே 70 இலட்சம் டொலர், உலக வசூல் 20 கோடிக்கு மேல். புதிய மொழி படித்தால் காலமே வேறாகத் தெரியும் என்ற கடினமான எண்ணத்தை ஒரு தாய் தன் மகளை நினைக்கும் நினைப்பில் வைத்தது அதன் வெற்றி. வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வாழும் நமக்கு அது இன்னும் கிட்டே வரும்.

● நம் ‘கலை அரசி’
‘2001’ வருவதற்கு ஐந்து வருடம் முன்பே, 1963-இல், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த தமிழ்ப் படம் வேற்றுக் கிரகத்துக்குப் போய்விட்டது. அக்கிரகத்தார் விஞ்ஞானத்தில் முன்னேறியவர்கள், கலையில் வறியவர்கள். அதனால் பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கடத்துகிறார்கள். பாட்டு இல்லாத விஞ்ஞானம் நிறைவு தருமா என்று கேட்ட கதை அது.

● கொலேஜ் வீதியில் ஒரு பொக்கிஷம்
1968-இல் அமெரிக்காவை விட்டு ரொறன்ரோவுக்கு வந்த எழுத்தாளர் ஜூடித் மெரில், 1970-இல் தன் விஞ்ஞானப் புனைவு நூல்களைப் பொது நூலகத்துக்குக் கொடுத்தார். இன்று மெரில் சேகரிப்பு என்ற பெயரில் 239 கொலேஜ் வீதி, லிலியன் எச். ஸ்மித் கிளையில் அது வளர்ந்து நிற்கிறது. கட்டணம் இல்லை. பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை கூட்டிப் போங்கள்.

● எதிர்காலம் என்று பெயரிட்ட கடந்தகாலம்
கிறீ-மேத்தி இயக்குநர் டானிஸ் கூலேயின் ‘நைட் ரெய்டர்ஸ்’ (2021), 2043-இல் நடக்கிறது. அரசு பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்துப் பயிற்சிப் பள்ளிகளில் அடைக்கிறது. ஒரு தாய் மகளைத் தேடிப் போகிறாள். பெயர்தான் எதிர்காலம். இந்த நாட்டில் முதற்குடிகளின் 1,50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வதிவிடப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கடைசிப் பாடசாலைகள் மூடப்பட்டது 1990-களில்தான். காணாமல் போன பிள்ளையின் படத்தை நெஞ்சில் பிடித்தபடி இலங்கையில் தெருவோரம் இருக்கும் தாய்மாரை நாமும் அறிவோம். இந்தப் படம் முடிந்து வெளியே வரும்போது "விளங்கேல்லை" என்று நம்மில் யாரும் சொல்ல மாட்டோம்.