தர்மகர்த்தா அமீனாவான கதை

ஏழையைக் காப்பது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இங்கிலாந்து தேசம் நானூறு வருஷங்களுக்கு மேலாக விடை தேடி வருகிறது. 1601-இல் எலிஸபெத் ராணி காலத்துச் சட்டம் அந்தப் பாரத்தை அந்தந்த ஊரின் தலையிலேயே வைத்தது. 1948-இல் அந்தப் பழைய ஏற்பாட்டுக்கு முடிவு கட்டி, தேசம் முழுவதற்கும் பொதுவாகச் சர்க்காரே பொறுப்பை ஏற்றுக்கொண்டது. 2012-இல் நிறைவேறிய நலச் சீர்திருத்தச் சட்டமும் அதையொட்டிய ஏற்பாடுகளும் அப்பாரத்தில் ஒரு பகுதியை ஓசைப்படாமல் மறுபடி ஊருக்கே இறக்கிவிட்டன என்பது நமது அபிப்பிராயம்.

வீட்டு வரியையே எடுத்துக்கொள்வோம். 2013 மார்ச் வரையில் பரம ஏழை நகரசபைக்கு வீட்டு வரி ஒரு பென்னிகூடக் கட்ட வேண்டியதில்லை. நகரசபை வரியைத் தள்ளிக் கொடுக்கும். சர்க்கார் அதை ஈடு செய்யும். அந்த ஏப்ரல் முதல், உங்கள் ஊர்த் திட்டத்தை நீங்களே வகுத்துக்கொள்ளலாம் என்று இங்கிலாந்தின் ஸ்தல ஸ்தாபனங்களுக்குச் சர்க்கார் சுதந்திரம் அருளிற்று. கூடவே பணத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டது. வயோதிகர்களின் சலுகையில் கை வைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு.

இது நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தக்க கணக்கு. ஓர் ஊரில் மொத்தச் சலுகை 100 பவுன். அதில் பாதி வயோதிகர்களுடையது என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 10 பவுனும் மற்றவர்களுடைய 50 பவுனின் மேல்தானே விழவேண்டும்? லண்டனில் பத்தில் ஒன்றாகப் புறப்பட்ட வெட்டு, ஏழையின் வாசலுக்கு வரும்போது ஐந்தில் ஒன்றாகிவிடுகிறது! பல நகரசபைகள், எவ்வளவு ஏழையானாலும் வரியில் ஒரு பங்கைக் கட்டியே தீரவேண்டும் என்று விதித்தன.

கட்ட முடியாதவர் கதி என்ன? 1992-ஆம் வருஷத்து விதிகளின்படி, தவணை தவறி, நினைவூட்டும் கடிதத்துக்கும் பணம் வராவிட்டால், மீதி வருஷத்து வரி முழுவதையும் சேர்த்துக் கேட்கலாம். பிறகு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டு சம்மன். அதன் செலவும் ஏழையின் கணக்கில்தான். அதற்கும் பிறகு அமீனா. நேற்றுவரை சலுகை கொடுத்த நகரசபையே இன்று ஜப்திக்கு ஆள் அனுப்புகிறது. சில பவுன் பாக்கிக்காகக் கடிதம், கோர்ட்டு, குமாஸ்தா என்று செலவிடுவதில் நகரசபைக்குத்தான் என்ன லாபம்?

வாடகையிலும் இதே கதை. சர்க்கார் அல்லது தர்ம ஸ்தாபனங்களின் வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு, தேவைக்கு மேல் ஒரு படுக்கையறை இருந்தால் வாடகை உதவியில் நூற்றுக்கு 14, இரண்டு இருந்தால் 25 குறைக்கப்பட்டது. சட்டம் இதற்கு வேறு பெயர் சூட்டிற்று. ஜனங்கள் வைத்த பெயர் 'படுக்கையறை வரி'. சிறிய வீட்டுக்கு மாறலாமே என்பார்கள். சிறிய வீடு காலியாக இருந்தால் அல்லவா மாறுவதற்கு!

ஆறு வகை உதவிகளை ஒன்றாக்கிய 'யூனிவர்ஸல் கிரெடிட்' 2013-இல் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஆஷ்டன்-அண்டர்-லைன் என்ற ஊரில் தொடங்கிற்று. ஆறு விண்ணப்பத்துக்கு ஒன்று என்பது நல்ல யோசனையே. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் பணம் கைக்கு வர ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு முன்பணம் வாங்கினால், பின்வரும் மாதங்களில் அது பிடித்துக்கொள்ளப்படும். அந்த ஐந்து வாரத்தில் வாடகை பாக்கியாகிறது. வீட்டுக்காரர் பெரும்பாலும் யார் என்று நினைக்கிறீர்கள்? நகரசபையேதான், அல்லது அதனுடன் உறவுள்ள சங்கம். குழந்தைகளோடு வீடிழந்து வரும் குடும்பத்துக்கு 1996-ஆம் வருஷத்து வீட்டு வசதிச் சட்டப்படி இடம் தேடிக் கொடுப்பதும் அதே நகரசபையின் கடமை. சர்க்கார் கஜானாவில் மிச்சமான பணம், ஊர்க் கஜானாவில் விடுதி வாடகையாகச் செலவாகிறது.

ஸ்காட்லாந்தும் வேல்ஸும் வீட்டு வரிச் சலுகையைக் குறைக்க மறுத்து, துண்டு விழுந்ததைத் தாங்களே ஈடு செய்தன. படுக்கையறை வரியால் ஏற்பட்ட நஷ்டத்தையும் ஸ்காட்லாந்து தன் பணத்தைக் கொண்டு சரிக்கட்டியது. இங்கிலாந்திலோ ஊருக்கு ஒரு நியாயம். லண்டனில் நகரசபைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒரே வருமானமுள்ள இரண்டு குடும்பங்கள் எதிரெதிர் வீட்டில் குடியிருந்தும், ஒன்று வரி கட்டாமலும் மற்றொன்று சம்மனோடும் இருக்கக்கூடும்.