6 வயசு முயலுக்கு 14,000 ரூபாய் ஆபரேஷன்: பண்ணலாமா, வேண்டாமா?

எங்க வீட்டு முயல் மல்லிக்கு 6 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி கட்டில்ல இருந்து விழுந்ததுல பின்னங்கால் பலவீனமாயிடுச்சு, இழுத்து இழுத்துதான் நடக்கும். போன மாசம் டாக்டர், "கர்ப்பப்பையை எடுத்துடுறதைப் பத்தி யோசிங்க"ன்னார். ஆபரேஷன் மட்டும் 14,000 ரூபாய். "வாங்குனதே 600 ரூபாய்க்கு, அதுக்குப் போய் 14,000-ஆ?" இது எங்க அம்மா.

அந்த 600-ஐ முதல்ல ஓரமா வைங்க. அது ஏற்கெனவே போன காசு, எங்க பாஷையில சங்க் காஸ்ட். இன்னைக்கு எடுக்குற முடிவுல அதுக்கு இடமில்லை. "இவ்வளவு நாள் செலவு பண்ணிட்டு இப்ப விடலாமா?"ன்னு என் மனைவி கேட்டாங்க. அதுவும் அதே கணக்குதான். (வீட்ல இதைச் சத்தமா சொல்லல.)

பார்க்க வேண்டியது ரெண்டு ரிஸ்க்கை. ஆபரேஷன் பண்ணாத பெண் முயல்களுக்குக் கர்ப்பப்பை புற்றுநோய் ரொம்ப சகஜம். சில இனங்கள்ல 4 வயசுக்கு மேல 50 முதல் 80 சதவீதம் வரைக்கும் சொல்றாங்க. மெதுவா வளர்ந்து நுரையீரலுக்குப் பரவும். இளம் வயசுலயே பண்ணியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. நாங்க தள்ளிப் போட்டோம், தப்பு எங்களுதுதான்.

இன்னொரு பக்கம் மயக்க மருந்து. பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட முயல்களை வைத்து நடந்து, 2008-ல் வெளியான ஆய்வில், மயக்க மருந்து கொடுத்த முயல்களில் 1.39 சதவீதம் இறந்திருக்கின்றன. நாய்க்கு இது 0.17, பூனைக்கு 0.24. ஆரோக்கியமான முயலை மட்டும் எடுத்தா 0.73, அதாவது சுமார் 137-ல் ஒண்ணு. ஏற்கெனவே நோய் உள்ள முயல்னா 7.37, கிட்டத்தட்ட 14-ல் ஒண்ணு! பத்து மடங்கு வித்தியாசம்.

அப்போ மல்லி எந்தக் கூட்டத்துல இருக்கா? 14,000-ஐப் பத்தி பேசுறதுக்கு முன்னாடி இதுக்குத்தான் பதில் வேணும். ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, வயித்து ஸ்கேன் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 4,500 ஆச்சு. வயசு ஒரு நோய் இல்லை. கால் பலவீனமும் தன்னால தடை ஆகாது, ஆனா ஏன் பலவீனம்னு தெரியணும். முயலுக்கு வர்ற ஈ. குனிகுலிங்கிற ஒட்டுண்ணி நரம்பைத் தாக்கி காலை முடக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கீழே விழுந்ததுதான் காரணம்னு நாங்களா முடிவு பண்ணியிருந்தோம்.

பில்லுல வராத செலவும் உண்டு. அந்த ஆய்வில் இறந்த முயல்களில் பாதிக்கு மேல ஆபரேஷன் முடிஞ்ச பிறகுதான் இறந்திருக்கின்றன. முயல் வாந்தி எடுக்காது, அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி பட்டினி போடக் கூடாது. முடிஞ்சதும் சீக்கிரம் சாப்பிட வைக்கணும், இல்லன்னா குடல் நின்னு போயிடும். வலி மருந்து, சிரிஞ்சுல உணவுன்னு ரெண்டு மூணு நாள் ஒருத்தர் லீவு போட்டு உட்காரணும். கால் வராத முயல் தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்காது, சிறுநீர் பட்டு வயித்துத் தையல் ஈரமாகும்.

இன்ஷூரன்ஸ்? நம்ம ஊர்ல பெரும்பாலும் நாய், பூனைக்குத்தான். 80டி கழிவு முயலுக்குக் கிடையாது. கால்நடை கிளினிக் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கு, பில்லுல போட்டிருந்தா கேளுங்க. சென்னையில இருக்கிறவங்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலயும் விசாரிக்கலாம்.

ரிப்போர்ட் வந்துச்சு. நுரையீரல் சுத்தம், கர்ப்பப்பையில கட்டி எதுவும் தெரியல. ஆனா சிறுநீரக அளவுகள் அதிகம். அதனால இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டரும் நாங்களும் முடிவு பண்ணினோம். ரத்தம் சுத்தமா வந்திருந்தா, 6 வயசானாலும் நான் பண்ணச் சொல்லியிருப்பேன். அதனால எங்க முடிவை அப்படியே காப்பி அடிக்காதீங்க.

14,000 ரூபாயைத் தனியா லிக்விட் ஃபண்டுல போட்டாச்சு. 6 மாசத்துக்கு ஒரு ஸ்கேன். சிறுநீர் சிவப்பா இருந்தா உடனே டெஸ்ட் (சாப்பிடுற கீரையாலயும் சிவக்கும், ரத்தமான்னு டெஸ்டுதான் சொல்லும்). அடுத்த ஸ்கேன் தேதியை ஆபீஸ் காலண்டர்ல ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதிக்குப் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன். அம்மாதான் தினமும் மல்லிக்குக் கால் துடைச்சு விடுறாங்க.