கடல் தாண்டிய பாஞ்சாலி

சித்திரை, வைகாசி மாதங்களில் திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கோ, விழுப்புரத்திலிருந்து விக்கிரவாண்டி பக்கமோ கடைசி பஸ்ஸில் போகிறவர்களுக்கு வழியில் ஏதாவது ஓர் ஊரில் கூத்துச் சத்தம் கேட்காமல் இருக்காது. திரௌபதி அம்மன் கோயில் எதிரே பந்தல் போட்டிருப்பார்கள். முகவீணையும் மிருதங்கமும் முழங்க, இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்றபடி வேஷக்காரர் தன் வரவைப் பாடிக்கொண்டிருப்பார். எதிரில் பாயும் சாக்கும் விரித்து ஊரே உட்கார்ந்திருக்கும்.

பகலில் பாரதம், ராத்திரியில் கூத்து. இதுதான் எங்கள் பக்கத்து முறை. பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடி விளக்கம் சொல்வார். அன்று பகலில் காதால் கேட்ட கதையை, ராத்திரி கண்ணால் பார்க்கலாம். துகிலுரிதல், அர்ஜுனன் தபசு, அரவான் களப்பலி என்று வளர்ந்து, கடைசி நாள் காலையில் படுகளத்தில் முடியும். களிமண்ணைக் குழைத்துத் துரியோதனனைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் அவன் தொடையில் அடிக்க, பாஞ்சாலி தன் சபதத்தை நிறைவேற்றிக் கூந்தலை முடிவாள். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் பெண்களை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அன்று சாயந்திரம் தீமிதி.

இந்த வழிபாட்டுக்குத் தாய்வீடு செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மேலச்சேரி. பழைய செஞ்சி என்றும் அதைச் சொல்வார்கள். செஞ்சியை ஆண்ட சுனீதன் என்ற மன்னனைக் காப்பாற்ற, நூறு தலை அசுரனை அழிப்பதற்காகப் பாஞ்சாலி நெருப்பிலிருந்து மறுபடியும் பிறந்து வந்தாள் என்பது கோயில் கதை. அவளுக்குக் காவலாக நிற்பவர்கள் இருவர். ஒருவர் போத்தராஜா. இன்னொருவர் முத்தால ராவுத்தர், ஒரு முஸ்லிம் வீரர். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபீட்டல் இந்தக் கிராமங்களில் பல காலம் தங்கி, கூத்துக்காரர்களோடும் பிரசங்கியார்களோடும் பழகி எழுதிய பெரிய ஆய்வு நூலின் முதல் பாகம் 1988-ல் வந்தது. 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை' என்பது அதன் துணைத் தலைப்பு.

அந்தப் பாதை குருக்ஷேத்திரத்தோடு முடியவில்லை, கடலுக்கு அப்பாலும் நீள்கிறது என்பதை வெளிநாடுகளில் நேரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சவுத் பிரிட்ஜ் சாலையில் ஒரு ஐப்பசி

சிங்கப்பூரின் சைனாடவுன் பகுதியில், சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1819-ல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை முன்னின்று 1827-ல் எழுப்பியது. பெயர் மாரியம்மன் கோயில் என்றாலும், ஐப்பசியில் அங்கே நடப்பது பாஞ்சாலிக்கான தீமிதி. திரௌபதிக்கும் அரவானுக்கும் உள்ளே தனிச் சந்நிதிகள் உண்டு. கூவாகத்தில் பார்த்துப் பழகிய அரவான் தலையை, பெரிய மீசையும் உருட்டிய விழியுமாக அங்கே பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துப் போனது.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு, சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் புறப்படுகிறார்கள். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, வேப்பிலை. சுமார் நான்கு கிலோமீட்டர் நடை. போலீஸார் போக்குவரத்தை ஒதுக்கி வழிவிடுகிறார்கள். கோயிலில் தலைமைப் பூசாரி கரகத்தோடு முதலில் குழி இறங்க, பின்னால் ஆயிரக்கணக்கில் ஆண்கள். குழியின் கடைசியில் பசும்பால் நிரப்பிய இன்னொரு சிறு குழி. தணலைக் கடந்த கால்கள் அந்தப் பாலில் பதிந்து வெளியேறுகின்றன. பெண்கள் கும்பிடுதண்டமிட்டும் குழியைச் சுற்றி வந்தும் வேண்டுதலை நிறைவேற்றுகிறார்கள்.

வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் விக்கிரவாண்டிப் பக்கத்துக்காரர். கட்டுமான வேலைக்கு வந்தவர். நான் திண்டிவனம் பக்கம் என்றதும் அவர் பேச்சே மாறிவிட்டது. எத்தனை வருஷமாகத் தீ மிதிக்கிறார் என்று கேட்டேன்.

"இங்க வந்துதாண்ணா எறங்குறேன். ஊர்ல எங்காளுங்க கயித்துக்கு அந்தாண்ட நின்னுதான் பாக்கணும். எங்கப்பா கடைசி வரைக்கும் அப்பிடிதான் பாத்தாரு."

அவர் குரலில் கோபம் இல்லை. காப்புக் கட்டிய கையைக் காட்டி, "இத யாரும் என்ன சாதின்னு கேட்டுக் கட்டலண்ணா" என்றார். வரிசை நகர்ந்தது. குழியைக் கடந்து, பாலில் கால் வைத்து, கையை உயர்த்திக் கும்பிட்ட அவர் முகத்தில் இருந்த நிறைவைப் போல ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சிங்கப்பூரிலும் எல்லாம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஊரிலிருந்து போனவர்கள் சாதியையும் சேர்த்துத்தான் கொண்டுபோனார்கள். 1930-களில் கோ. சாரங்கபாணி போன்ற சீர்திருத்தக்காரர்கள் அந்தக் கட்டுமானத்தை எதிர்த்துப் பேசினார்கள், எழுதினார்கள். 1935-ல் அவர் தொடங்கிய 'தமிழ் முரசு' அதற்கு மேடையானது. தீமிதியே வேண்டாம் என்று வாதாடியவர்களும் அவர்களில் உண்டு. அந்த வாதத்தைத் தாங்கி நின்று, தன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டதால்தான் அந்த விழா இன்றைக்கும் இத்தனை பேரைக் கூட்டுகிறது.

ரீயூனியனில் ஒரு பழைய நோட்டு

இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸுக்கு அருகில் இருக்கிறது ரீயூனியன் தீவு. 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம் அது. 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். பிரிட்டிஷ் எல்லைக்குள் ஆள் எடுக்க 1861-ல் இரு அரசுகளும் உடன்பாடு கண்டன. 1882-ல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தும்வரை போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் புதுச்சேரி நாற்பது கிலோமீட்டருக்குள்தான். விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதை போட்டது 1879-ல். அதற்கு முன்னால் போனவர்கள் நடந்துதான் கடற்கரைக்குப் போயிருப்பார்கள். வானம் பார்த்த பூமி எங்களுடையது. ஏரி நிரம்பாத வருஷம் என்றால் கடனும் பசியும்தான். அந்த நேரத்தில் ஊருக்குள் வந்து அரிசியும் முன்பணமும் காட்டிய ஆள்பிடிக்கும் ஏஜெண்டுகளுக்குப் பின்னால் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை.

போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் இன்று கிரியோலும் பிரெஞ்சும் பேசுகிறார்கள். தமிழ் வீட்டுமொழியாக இல்லை. கிறிஸ்தவப் பெயர் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் விழாவுக்குக் கோயிலுக்கும் போகிற குடும்பங்கள் ஏராளம். ஆனால் தீமிதி வந்தால் பதினெட்டு நாள் விரதம் இருக்கிறார்கள், பதினெட்டு நாள் போரின் கணக்கில். அவர்கள் குழி இறங்குவதும் பாஞ்சாலிக்காகத்தான்.

கூத்தும் அங்கே இருக்கிறது. 'பால் தமுல்' என்று பெயர். ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பவரை இன்றும் வாத்தியார் என்றுதான் அழைக்கிறார்கள், உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரி நண்பர் ஒருவர் என்னை அப்படிப்பட்ட ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். கரும்புக் காட்டை ஒட்டிய சின்ன வீடு, வாசலில் முருங்கை மரம். பெரியவர் உள்ளே போய் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். பக்கம் பக்கமாகப் பாட்டு, அத்தனையும் தமிழ், எழுதியிருந்தது பிரெஞ்சு எழுத்தில். முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பிறகு மெட்டு பிடிபட்டது. சபையில் இழுத்து வரப்பட்ட பாஞ்சாலி கண்ணனைக் கூப்பிடும் இடம். எங்கள் ஊர்ப் பந்தலில் விடிகாலை இரண்டு மணிக்கு, தூங்கிப்போன குழந்தைகளைத் தாய்மார்கள் எழுப்பிப் பார்க்கச் சொல்லும் இடம்.

பாடி முடித்ததும் அவர் நோட்டின் ஒரு வரியில் விரலை வைத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று நண்பர் மூலம் கேட்டார். அந்த வரியில், பெரியோர்கள் இத்தனை பேர் இருந்தும் எனக்காக ஒருவரும் பேசவில்லையே என்று பாஞ்சாலி சபையைப் பார்த்துக் கேட்கிறாள். அதைச் சொன்னேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. என் தாத்தா இந்த இடத்தைப் பாடும்போதெல்லாம் அழுவார், ஏன் என்று தெரியாமலேயே நானும் அழுதிருக்கிறேன் என்றார்.

அர்த்தம் தெரியாமல் நான்கு தலைமுறை ஒரு பாட்டைச் சுமந்திருக்கிறது. பிரம்படிக்கும் தோட்ட வேலைக்கும் நடுவே, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். கப்பலில் வந்தவர்களில் எந்தெந்த ஊர், எந்தெந்தச் சாதி என்று பிரித்து உட்கார வைத்தால் ஆடவும் ஆளில்லை, அடிக்கவும் ஆளில்லை. மிருதங்கம் தெரிந்தவன் எந்தத் தெருக்காரனாக இருந்தாலும் அவன்தான் மிருதங்கக்காரன். அந்தக் கட்டாயம் பிறகு வழக்கமாகி, வழக்கம் பிறகு நியாயமாகிவிட்டது.

மொரீஷியஸில் இதே கதையின் இன்னொரு பக்கம் கிடைத்தது. போர்ட் லூயி துறைமுகத்தில் கூலிகள் இறங்கிய ஆப்பிரவாசி காட், 2006 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். 1834-லிருந்து ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் அந்த வழியாக வந்திருக்கிறார்கள். அவர்கள் ஏறி வந்த பதினாறு கல்படிகளை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். வந்தவர்களைப் பற்றிய பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. நாலு தலைமுறைக்கு முந்திய பாட்டன் பெயரைத் தேடிக்கொண்டு சாதாரண ஜனங்கள் அங்கே போய் விண்ணப்பம் கொடுக்கிறார்கள்.

அங்கேயெல்லாம் பார்த்துவிட்டு

இத்தனையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய எனக்கு, மேல்பாதி ஞாபகம் வராமல் இருக்க முடியாது.

விழுப்புரம் மாவட்டத்தில், விக்கிரவாண்டி வட்டத்தில் இருக்கிறது மேல்பாதி. அங்கே உள்ள தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சமூக மக்களை விட மறுத்ததால் தகராறு மூண்டு, 2023 ஜூன் மாதம் வருவாய்த் துறையினர் கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி பூஜைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில், போலீஸ் பாதுகாப்போடு, அந்த மக்கள் உள்ளே போய் அம்மனைக் கும்பிட்டார்கள்.

நிறைந்த சபையில் ஒருத்திக்கு நடந்த அவமானத்தைத்தான் நாம் வருஷா வருஷம் ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பார்க்கிறோம். வாய்மூடி இருந்த பெரியவர்களை அவள் கேட்கிற கேள்விக்குக் கண்ணீர் விடுகிறோம். அவள் கோயில் வாசலிலேயே மனிதர்களை நிறுத்தி வைத்தால், அந்தப் பாரதத்தை நாம் கேட்டதாக எப்படிச் சொல்ல முடியும்? முத்தால ராவுத்தரைக் காவலுக்கு வைத்துக்கொண்ட தாய் அவள். தன் ஊரிலேயே பிறந்தவர்களை அவளா தள்ளி வைத்திருப்பாள்?

கூத்தும் நம் பக்கம் மெலிந்துகொண்டிருக்கிறது. பத்து ராத்திரி ஆடிய ஊரில் இரண்டு ராத்திரி ஆடுகிறார்கள், மீதி நாள் ஆர்கெஸ்ட்ரா. பாரிஸில் அரியான் முன்ஷ்கினின் தேயாத்ர் து சொலேய் குழு, புரிசை சம்பந்தத் தம்பிரானிடம் கூத்துக் கற்று, 2016-ல் தங்கள் நாடகத்தில் பாரதக் காட்சிகளைத் தமிழிலேயே பாடி ஆடியது. உலகம் கற்றுக்கொள்ள வரிசையில் நிற்கும் கலைக்கு, பிறந்த மண்ணில் பிள்ளைகள் வருவதில்லை. இங்கே ஒரு சிலருக்கு மட்டும் உரிமை, மற்றவர்களுக்கு வேடிக்கை என்று வைத்திருக்கும்வரை வரவும் மாட்டார்கள். ரீயூனியன் காட்டும் பாடம் இதுதான்: எல்லோரும் தூக்கினால்தான் எந்தக் கலையும் ஊர் கடந்தும் காலம் கடந்தும் போகும்.

செய்யக்கூடிய காரியங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. கோட்டையைப் பார்க்க வருபவர்களை மேலச்சேரிக்கும் அழைத்துப் போகலாம். கடல் கடந்துபோன மக்களின் கதையையும், அவர்கள் கொண்டுபோன பாரதத்தின் கதையையும் சொல்லும் ஒரு காட்சிக்கூடம் செஞ்சியில் வேண்டும். வயதான பிரசங்கியார்கள், கூத்து வாத்தியார்கள் குரலை விழுப்புரம், திண்டிவனம் கல்லூரி மாணவர்கள் பதிவு செய்து வைக்கலாம். அந்த ரீயூனியன் பெரியவர் நோட்டில் இருக்கும் வரிகளுக்கு அர்த்தம் சொல்லக்கூடியவர்கள் நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று உண்டு, அதற்கு அரசாங்கம் தேவையில்லை. வருகிற சித்திரையில் கொடி ஏற்றிக் காப்புக் கட்டும் முன், ஒவ்வோர் ஊர்ப் பெரியவர்களும் கூடி உட்கார்ந்து, இந்த ஊரில் இன்னும் காப்புக் கட்டாத கை எது என்று பார்த்து, அந்தக் கைக்கு முதலில் கட்ட வேண்டும்.